பாவூஜி படகின் பின்பலகை

கண்ணா,

கவரைப் பிரித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். முதலில் எத்தனை பக்கம் என்று எண்ணுவாய். அப்புறம் எனக்கு எஸ்.டி.டி. போட்டு, "அம்மா, இதை போன்லயே சொல்லிடேன், ப்ளீஸ்" என்பாய். சொல்ல மாட்டேன். டில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படித்தால்தான் இது உள்ளே இறங்கும். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. தினம் அரைப் பக்கம் படித்தால்கூட முகூர்த்தத்துக்கு முன்னால் முடித்துவிடலாம்.

விஷயம் இதுதான். நிச்சயதார்த்தத்தன்று உன் வருங்கால மாமனாரிடம் நீ ஒன்று சொன்னாய். "எங்கப்பா குடும்பமே நாகப்பட்டினத்துல படகு கட்டுற குடும்பம் அங்கிள். அப்பா டில்லியிலயே ஒரு பழைய படகைச் சரிபண்ணி யமுனையில விட்டிருக்கார்." துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உங்கப்பாவின் கையைப் பிடித்து ஜன்னலோரம் உட்காரவைத்தவர், இலை போடும்வரை விடவில்லை. முக்கால் மணி நேரத்தை உங்கப்பா "ஆமாமா", "அதானே", "சரியாச் சொன்னீங்க" என்று மூன்றே பதிலில் ஓட்டினார். அப்பா எவ்வளவு அடக்கம் பார் என்று நீ என்னிடம் வந்து பெருமைப்பட்டாய். அடக்கமில்லையடா அது. அவர் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கப்பாவுக்கு ஊர் நாகப்பட்டினம்தான். ஆனால் உன் தாத்தா அங்கே தபாலாபீஸில் ஸ்டாம்பு விற்றவர். அந்த வீட்டு மரச்சாமான்களில் தண்ணீரைப் பார்த்தது குளியலறை முக்காலி ஒன்றுதான். உங்கப்பா கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது. டில்லிக்கு வந்த பிறகு பக்கெட்டில் தண்ணீர் நிரம்பி வழிந்தாலே பதறுவார். படகு கட்டும் குடும்பம் என்பது பொய். அதை உண்டாக்கியவர் அவர் இல்லை, நான். விருதுநகரில் குடத்தோடு குழாயடியில் நின்று வளர்ந்த நான், ஆற்றில் முழுசாகத் தண்ணீர் போவதையே ரயில் ஜன்னல் வழியாகத்தான் முதலில் பார்த்தவள்.

அப்போது கரோல் பாகில் ஒரு சந்துக்குள் இருந்தோம். மாடியில் இரண்டு அறை, கீழே வீட்டுக்காரர். எழுபதுகளின் ஆரம்பம். உங்கப்பாவுக்கு ஆடிட் ஆபீசில் குமாஸ்தா வேலை. எனக்கு நீ வயிற்றில் நாலு மாசம். வீட்டுக்காரரைத் தெருவே பாவூஜி என்றுதான் கூப்பிடும், அவர் மனைவியை பீஜி என்று. பிரிவினையில் ஜீலம் பக்கத்திலிருந்து வந்த பஞ்சாபிகள். பாவூஜி ஆறடி உயரம், பெரிய மீசை. அந்தக் காலத்தில் ஜீலம் நதியில் தான் படகு ஓட்டிய கதையைப் பால்காரன் முதல் போஸ்ட்மேன் வரை எல்லோரிடமும் சொல்வார். அதற்குச் சாட்சியாகக் கீழ் முற்றத்தில் நிஜமாகவே ஒரு படகு கிடந்தது. மூன்று பேர் உட்காரலாம், நாலாவது ஆள் வந்தால் சண்டை வரும், அவ்வளவுதான் அளவு. ஏதோ தூதரகத்து வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றதாம், பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டாரோடு. பல வருஷமாக அது முற்றத்தைவிட்டு நகரவில்லை. பீஜி அதன் பின்பக்கத்தில் புதினாத் தொட்டிகளை வரிசையாக வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவார். சட்னிக்கு நானும் அதில்தான் கிள்ளுவேன்.

ஒரு நாள் காலையில் பாவூஜி மாடிக்கு வந்து, ரொம்ப மரியாதையாக, லூதியானாவிலிருந்து தன் அண்ணன் மகன் குடும்பத்தோடு வருகிறான், இரண்டு மாசத்தில் நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீடு கிடைக்கவே நாங்கள் பதினோரு வீட்டுப் படி ஏறி இறங்கியிருந்தோம். வயிற்றில் பிள்ளையோடு மறுபடியும் படி ஏற வேண்டுமா? காய்ந்த துணியை எடுக்கக் கீழே போனேன். அங்கே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தீபாவளிக்குள் படகு தண்ணீருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரனுக்குப் போக வேண்டும் என்று பீஜி உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். பாவூஜி படகின் பின்னால் குந்தி உட்கார்ந்து, புதினாத் தொட்டிகளை நகர்த்திவிட்டு, பின்பக்கத்தை அடைத்திருக்கும் பலகையில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. டீயில் ஊறின ரஸ்க்கில் போவது போலப் போனது. மோட்டாரைத் தாங்குவதே அந்தப் பலகைதான். பாவூஜி விரலை எடுத்துப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கரோல் பாக் தச்சர்கள் எல்லோரும் கட்டில், கதவு செய்பவர்கள். படகா, அது எங்களால் ஆகாது என்று ஏற்கெனவே மூன்று பேர் போய்விட்டார்களாம்.

அந்த நிமிஷத்தில்தான் என் வாய் திறந்தது. காய்கறிக்காரனிடம் கற்ற ஹிந்தியில், ஆண்பால் பெண்பால் எல்லாவற்றையும் கலந்துகட்டி, "பாவூஜி, எங்க வீட்டுக்காரர் குடும்பம் நாவ் செய்யற குடும்பம்" என்றேன். நாவ் என்றால் படகு. "நாவ்?" என்றார் பாவூஜி. "நாவ்" என்றேன். அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பீஜியின் கத்தலும் நின்றது.

சாயங்காலம் உங்கப்பா பஸ்ஸைவிட்டு இறங்கி டிபன் பாக்ஸோடு சந்துக்குள் நுழைந்தபோது, பாவூஜி வாசலிலேயே அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கப்பாவின் செருப்பு ஒன்று தரையில் தனியாகக் கிடந்தது. முற்றத்துக்கு அழைத்துப் போய், பெரிய டம்ளரில் லஸ்ஸி கொடுத்து, படகைக் காட்டிப் பாவூஜி கால் மணி நேரம் பேசினார். உங்கப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அச்சா, அச்சா" என்றார். மேலே வந்தவர் மீசையில் லஸ்ஸி நுரையோடு சந்தோஷமாகச் சொன்னார்: "பாவூஜி ரொம்ப நல்ல மனுஷன். காலி பண்ண வேண்டாம்னுட்டார்னு நினைக்கிறேன். கீழே ஒரு படகு இருக்கே, அதைப் பத்தி என்னமோ சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அச்சான்னேன்."

"அதை நீங்க ரிப்பேர் பண்ணித் தரேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க" என்று நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இல்லேன்னு சொல்லியிருக்கலாமே நீங்க" என்று நானே பழியை அவர் பக்கம் தள்ளினேன். "அவர் என்ன கேட்டார்னே எனக்குத் தெரியாதேம்மா" என்றார் பாவமாக. உடனே எழுந்து, கீழே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். நான் வாசலை மறித்துக்கொண்டு வயிற்றில் கைவைத்து நின்றேன். "இதோட எங்கே போய் வீடு தேடறது?" என்றேன். அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை கிளம்பினார். இரண்டு தடவையும் உன்னைக் காட்டித்தான் நிறுத்தினேன். பிறப்பதற்கு முன்னாலேயே உன்னைச் சாக்காக வைத்து ஒரு மனுஷனை அடக்கியிருக்கிறேன். இதை எழுதும்போது இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

உங்கப்பா ஆடிட்காரர் இல்லையா, அடுத்த நாளே ஆபீசிலிருந்து ஒரு பழைய ஃபைல் அட்டை கொண்டுவந்தார். மேலே கொட்டை எழுத்தில் 'பொருள்: பின்பலகை மாற்றுதல்' என்று எழுதினார். முதல் வேலையாக நாகப்பட்டினத்தில் இருந்த உன் பெரியப்பாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போனது. பதில் பத்து நாளில் வந்தது. "கடற்கரைக்குப் போய்ப் படகு வேலை செய்கிறவர்களிடம் கேட்டேன். எந்தக் கடலுக்குப் படகு என்றார்கள். டில்லி என்றேன். வெகு நேரம் சிரித்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் மீன் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் அதில் வயதான ஒருவர் மட்டும் சொன்னார்: பழைய பலகையை உடைக்காமல் முழுசாகக் கழற்றினால் அதையே அச்சாக வைத்துப் புதுசை வெட்டிவிடலாம். பித்தளை ஆணிதான் போட வேண்டும், இரும்பு கூடாது. உனக்கு உடம்பு சரியாக இருக்கிறதா?" என்று எழுதியிருந்தார்.

வருத்தம் என்னவென்றால், அந்தக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பழைய பலகையை உங்கப்பா ஞாயிற்றுக்கிழமையே உடைத்துவிட்டார். உடைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பாவூஜியின் சுத்தியலை வாங்கி, நிபுணர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரே தட்டு தட்டினார். பலகை தூளாக உதிர்ந்து புதினாத் தொட்டிக்குள் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு மரவட்டைக் குடும்பம் மெதுவாக வெளியே வந்து எங்களைப் பார்த்தது. பீஜி அந்தத் தூளை அள்ளி அங்கீட்டி அடுப்பில் போட்டுப் பார்த்தார். ஈரம் தாங்காமல் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. அடுப்புக்குக்கூட ஆகாத மரத்தை நம்பியா இத்தனை வருஷம் ஆற்றுக் கதை சொன்னீர்கள் என்று கேட்டார். பாவூஜி காது கேட்காதவர் மாதிரி இருந்தார்.

இனி அளந்துதான் வெட்ட வேண்டும். உங்கப்பா ஸ்கேலை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கி, ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை எடுத்து, ஃபைலில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அடுத்த ஞாயிறு அவரும் பாவூஜியும் கீர்த்தி நகர் மரக்கடைக்குப் போய், கனமான தேக்குப் பலகையை அந்த அளவுக்கு அறுத்து வாங்கினார்கள். பலகையோடு பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகத் தோளில் தூக்கிக்கொண்டு கரோல் பாக் வரை நடந்தே வந்தார்கள். முன்னால் போகிறவர் ஹிந்தியில் "வலது" என்பார், பின்னால் வருகிறவர் "அச்சா" என்று இடது பக்கம் திரும்புவார். சந்து முனையில் ஒரு கொய்யாப்பழ வண்டி கவிழ்ந்தது. வந்து சேர்ந்ததும், தெருவே கூடி நிற்க, பலகையைப் படகின் பின்னால் பொருத்தினார்கள். அது ஒரு விரல் அளவு சின்னதாக இருந்தது. எங்கேயும் முட்டாமல், தடுக்காமல், நேராக உள்ளே போய்ப் படகுக்குள் தட்டென்று படுத்துக்கொண்டது.

உங்கப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குத் தனக்குத் தெரிந்த அத்தனை ஹிந்தியையும் திரட்டி, "மரம் சுருங்கும்" என்றார். பாவூஜியும் மீசையைத் தடவிக்கொண்டு, "ஆமாம், ஜீலத்திலும் இந்த மரம் சுருங்கும்" என்றார். மூன்று மணிக்கு அறுத்த மரம் ஐந்து மணிக்குள் எப்படிச் சுருங்கியது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அன்றைக்கு உங்கப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "நான் பத்து வருஷமா அடுத்தவன் கணக்குல தப்பு கண்டுபிடிக்கறேன். நானே ஒண்ணு பண்ணிப் பார்த்ததே இல்லை" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நான் ரவிக்கை தைக்கிறவள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் நான்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தையலில் உடம்பை ஸ்கேலால் அளந்தால் ஒட்டவே ஒட்டாது, காகிதத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் மைதாப் பசை காய்ச்சி, பழைய பேப்பரை மூன்று அடுக்காக ஒட்டிக் காயவைத்து, அதைப் படகின் பின்பக்கத்தில் வெளிப்புறமாக வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். வரைந்தபோதுதான் தப்பு புரிந்தது. படகின் இரண்டு பக்கமும் நேராக இல்லை, பின்னால் போகப் போக விரிந்துகொண்டே போகிறது. அதனால் பலகையின் ஓரத்தையும் சாய்வாகச் சீவ வேண்டும். வெளிப்பக்கம் பெரிசு, உள்பக்கம் சின்னது. உங்கப்பா உள்பக்கத்தை மட்டும் அளந்து அறுத்துவிட்டார். தையலுக்கு விடுகிற மாதிரி அரை அங்குலம் கூடுதலாக விட்டு அச்சை வெட்டிக் கொடுத்தேன். இரண்டாவது பலகை வந்தது. இந்தத் தடவை ரிக்‌ஷாவில்.

அதற்கப்புறம் மூன்று ஞாயிறு உங்கப்பா முற்றத்தில் உட்கார்ந்து இழைப்புளியால் அந்த ஓரங்களைச் சீவினார். எங்கே சீவுவது என்று தெரிய நான் ஒரு வழி சொன்னேன். படகின் விளிம்பில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவினோம். பலகையை வைத்து எடுத்தால் எங்கே முட்டுகிறதோ அங்கே சிவப்பாக ஒட்டும். அந்தச் சிவப்பை மட்டும் சீவ வேண்டும். வைப்பார், எடுப்பார், சீவுவார். குங்குமம் தீர்ந்து இரண்டு டப்பா வாங்கினேன். படகுக்கு நாங்கள் பூஜை செய்கிறோம் என்று பீஜி நினைத்துக்கொண்டு, ஒரு நாள் தானும் வந்து ஒரு பூ வைத்துவிட்டுப் போனார். உங்கப்பாவின் கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்தது. ஆபீசிலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்தார். சாயங்காலம் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். கடைசியில் ஒரு ஞாயிறு, பலகை ஓரம் முழுக்க ஒரே சீராகச் சிவப்பு ஒட்டியது. இடுக்கில் தண்ணீர் புகாதபடி பஞ்சுத்திரியும் எண்ணெயில் பிசைந்த மக்கும் வைத்து, பாவூஜி கொண்டுவந்த பித்தளைத் திருகாணிகளை முடுக்கி, கயிறு கட்ட ஒரு கொக்கியும் பதித்தார்கள். உங்கப்பா ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி 'முடிந்தது' என்று எழுதி மூடினார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் மனைவி உன்னைப் பற்றி வெளியே பெருமையாக எதையாவது சொல்லிவைப்பாள். உனக்கு வராததாக இருந்தாலும் உடனே அவளைப் பொய்யாக்காதே. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். அவள் அதை ஏன் சொன்னாள் என்று தெரிந்துகொள். அதற்கப்புறம் தெரியாது என்று நீயே போய்ச் சொல்ல நினைத்தால், உன்னை வாசலில் மறிக்க வேண்டாம் என்று நான் அவளிடமும் சொல்லப்போகிறேன். ஏனென்றால் மறித்ததால் என்ன ஆனது என்று இப்போது சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, காலையில் டெம்போவில் படகை ஏற்றி ஓக்லா பக்கம் யமுனைக் கரைக்குப் போனோம். பாவூஜி தலையில் கேப்டன் மாதிரி ஒரு தொப்பி. பீஜி பராட்டாவும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருவர் மோட்டாரை ஏற்கெனவே சுத்தம் செய்து கொடுத்திருந்தார். நாலு பேர் பிடித்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மிதந்தது! நான் கைதட்டினேன். அப்போது பாவூஜி உங்கப்பாவின் தோளில் கைபோட்டு, "செய்தவர்தான் முதலில் ஏற வேண்டும்" என்றார். உங்கப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணா, அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அந்த இடத்தில் நான் "இவருக்கு நீச்சல் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வீடுதான் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாத்ரூமுக்குள் நுழைகிறவர் மாதிரி ஒரு காலை மெதுவாக உள்ளே வைத்தார். பாவூஜி பின்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது. படகு போய்விட்டது.

டெம்போ ஆட்கள் டீ குடிக்கப் போய்விட, கரையில் நானும் பீஜியும் மட்டும். பீஜி ஒரு பராட்டாவை எடுத்து என் கையில் கொடுத்து, "உன் வீட்டுக்காரர் நல்லா நீந்துவாரில்லையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் உடைந்துவிட்டேன். பராட்டாவைப் பிடித்துக்கொண்டே அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். படகு கட்டும் குடும்பம் பொய், ஸ்டாம்பு விற்ற குடும்பம், வீட்டுக்காகச் சொன்னேன், அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று தமிழும் ஹிந்தியுமாகக் கொட்டினேன். பீஜி சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏ பேட்டீ, இவர் மட்டும் என்ன? ஜீலம் கரையில இவருக்கு ஜவுளிக்கடை. கடை வாசல்ல உட்கார்ந்து படகு போறதைப் பார்ப்பார். இவர் ஜென்மத்துல படகு ஓட்டினதில்லை. எல்லாத்தையும் விட்டுட்டு இந்த ஊருக்கு வந்தப்போ, இவர் யாருன்னே ஒருத்தருக்கும் தெரியலை. ஏதாவது ஒண்ணு சொல்லிக்கட்டுமேன்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது. அப்படியானால் அந்தப் படகில் படகு தெரிந்தவர் யார்? எழுந்து நின்று ஆற்றைப் பார்த்தோம். அதே நேரம் மோட்டார் சத்தமும் நின்றது.

நடு ஆற்றில் பாவூஜி கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். மோட்டார் இருமியதே தவிர உறுமவில்லை. அப்புறம் ஆளுக்கொரு துடுப்பை எடுத்தார்கள். பாவூஜி முன்னால் தள்ளினார், உங்கப்பா பின்னால் இழுத்தார். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு சுற்றில் தொப்பி தெரியும், அடுத்த சுற்றில் உங்கப்பாவின் வழுக்கை தெரியும். "ஜல்தி, ஜல்தி" என்று பாவூஜி கத்துவதும், "அச்சா, அச்சா" என்று உங்கப்பா பதில் சொல்வதும் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. பீஜி ஏதோ பிரார்த்தனையை முணுமுணுக்க ஆரம்பித்தார். நான் ஊரிலிருக்கும் எல்லா அம்மனையும் கூப்பிட்டேன். உன்னையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். நீ அப்போதுதான் முதல் தடவையாக ஓங்கி ஒரு உதை விட்டாய்.

காப்பாற்றியது ஒரு எருமை. அக்கரையோரம் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள், இந்தச் சுற்றலை நிதானமாக ஒரு பீடி முடியும்வரை பார்த்துவிட்டு, ஒரு பெரிய எருமையோடு நீந்தி வந்தார். கயிற்றின் ஒரு முனையை எருமையின் கழுத்தில் கட்டினார். மறுமுனையை எங்கே கட்டுவது என்று படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மோட்டார் மாட்டியிருந்த பின்பலகையில், அந்தப் புதுப் பலகையின் கொக்கியில் கட்டினார். எருமை இழுக்கத் தொடங்கியது. கயிறு விறைத்தது. இரண்டு ஆள், ஒரு மோட்டார், ஒரு படகு, அத்தனை கனமும் உங்கப்பா சீவின அந்த ஒரு பலகையில். முனகல்கூட வரவில்லை. படகு பின்பக்கமாகவே கரையைப் பார்த்து வந்தது. உள்ளே இரண்டு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளோடு தோள் இடிக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கரை தட்டியதும் அந்த எருமைக்காரர் பலகையில் இரண்டு தட்டு தட்டி, "மத்ததெல்லாம் பழசு. இது யார் போட்டது? கெட்டி வேலை" என்றார். உங்கப்பாவுக்கு அந்த ஹிந்தி முழுசாகப் புரிந்தது. உள்ளே குனிந்து பலகையின் ஓரத்தைச் சுற்றி விரலால் தடவினார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

திரும்பும்போது டெம்போவில் உங்கப்பா என் காதோரம் குனிந்தார். "இந்தா பாரு, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. பாவம், பாவூஜிக்குப் படகு ஓட்டவே தெரியலை. துடுப்பைத் தலைகீழாப் பிடிச்சார். பீஜிக்குத் தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். மோட்டார்தான் கெட்டுப்போச்சுன்னு நாம சொல்லிடுவோம்" என்றார். நான் சரி என்றேன். மறுநாள் புதினா கிள்ளக் கீழே போனேன். பீஜி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "நேத்து இவர் என்கிட்ட ரகசியமாச் சொன்னார். உன் வீட்டுக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருந்தாராம். தண்ணியே பழக்கமில்லை போலிருக்கு, சின்ன வயசு, மாடியில அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா அவமானம், மூச்சு விடாதேன்னார்" என்றார். இரண்டு பேரும் சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

அண்ணன் மகனுக்குப் படேல் நகரில் வீடு பார்த்தாயிற்று என்று பாவூஜியே வந்து சொன்னார். நாங்கள் ஜனக்புரிக்கு வரும்வரை பதினோரு வருஷம் அங்கேதான் இருந்தோம். படகு மறுபடி தண்ணீருக்குப் போகவில்லை. ஒரு தடவை போய்விட்டு வந்தாயிற்றே, பீஜியும் கபாடிக்காரனைக் கூப்பிடவில்லை. நீ அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கப்பாவும் பாவூஜியும் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, காற்று, நீரோட்டம், எந்த மரம் எத்தனை வருஷம் உழைக்கும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். இவர் சொல்வதை அவர் மறுக்க மாட்டார், அவர் சொல்வதை இவர் மறுக்க மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நீ வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாய். உன் மாமனாரிடம் நீ அளந்ததெல்லாம் அங்கே கேட்டதுதான். உன்மேல் தப்பில்லை.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பதை நேற்று உங்கப்பா பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்றார். படகு விஷயம், பிள்ளைக்கு உண்மை தெரியட்டும், சம்பந்தியிடம் இனியாவது அளக்காமல் இருப்பான் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னைப் பத்தி எல்லாத்தையும் எழுது. ஸ்டாம்பு வித்த குடும்பம், தண்ணின்னா பயம், முதல் பலகை சின்னதாப் போச்சு, எல்லாம் எழுதிக்கோ" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா பாவூஜிக்குப் படகு ஓட்டத் தெரியாதுங்கறதை மட்டும் எழுதிடாதே. அவரைப் பத்தி நம்ம பிள்ளை ரொம்ப உசத்தியா நினைச்சுக்கிட்டு இருக்கான்" என்றார்.

பாவூஜி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சரி, எழுத மாட்டேன் என்றுதான் உங்கப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா